அப்புக்குட்டி, மரிக்கார், உபாலி, ஐயர்: யார் வேஷத்தை யார் கட்டுவது?

ஸ்கெட்ச் காமெடி என்பது மூன்று நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் சிறு நகைச்சுவைக் காட்சி. தமிழ் மேடையில் இதைத் துணுக்கு நாடகம் என்பார்கள். நீண்ட கதை கிடையாது, பாத்திரம் வளர்வதும் மாறுவதும் கிடையாது. ஆள் உள்ளே நுழைந்த பத்தாவது விநாடியில் அவர் யாரென்று பார்ப்பவருக்கு விளங்கிவிட வேண்டும். விளக்கிச் சொல்ல நேரம் இல்லாததால், எல்லோரும் ஏற்கெனவே அறிந்த அடையாளங்களையே நடிகர் கையில் எடுக்கிறார்: ஒரு தொப்பி, ஒரு குடுமி, பேச்சில் ஓர் இழுவை, அடிக்கடி வந்துவிழும் ஒரு சொல். ஓர் இனத்தார் இப்படித்தான் இருப்பார்கள், ஓர் ஊரார் இப்படித்தான் பேசுவார்கள் என்ற ஊர்க்கணிப்புத்தான் இந்தக் கலையின் மூலப்பொருள். சிரிப்பும் அங்கிருந்துதான் வருகிறது, சண்டையும் அங்கிருந்துதான் வருகிறது.

சினிமாவுக்கு இரண்டரை மணி நேரம் இருக்கிறது. ஆனாலும் பிற இனத்தாரைக் காட்டும்போது அது துணுக்கு நாடகத்தின் குறுக்கு வழியையே கடன் வாங்கிக்கொள்கிறது. கூடவே இன்னொரு கேள்வியும் எழுகிறது: அந்த வேடத்தை யாருக்குக் கொடுப்பது? துணுக்கு நாடகத்தில் நடிகர் வேஷம் கட்டியிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த காட்சியில் அவரே வேறொருவராக வருவார். சினிமாவோ இவர்தான் அவர் என்று நம்பச் சொல்கிறது. ஒரே ஆள்மாறாட்டம் ஓரிடத்தில் விளையாட்டாகவும் மற்றோரிடத்தில் பறிப்பாகவும் படுவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

இலங்கையில் இதைப் பார்க்க நல்ல உதாரணம் 1970களில் இலங்கை வானொலியில் வந்த ‘கோமாளிகள் கும்மாளம்’. எஸ். ராமதாஸ் எழுதிய அந்தத் தொடரில் நான்கு முதன்மைப் பாத்திரங்கள். கொழும்பு முஸ்லிம் பேச்சில் வரும் மரிக்காராக நடித்தவர் ராமதாசே. யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால். சிங்களவர் பேசும் தமிழைப் பேசும் உபாலியாக எஸ். செல்வசேகரன். பிராமணத் தமிழ் பேசும் ஐயராக பி. எச். அப்துல் ஹமீட். அதாவது ஓர் இந்து முஸ்லிமானார், ஒரு முஸ்லிம் ஐயரானார், ஒரு தமிழர் சிங்களவரானார். ராஜகோபால் மட்டும் சொந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் நின்றார். கேட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகத் தெரியும். தெரிந்ததே பாதிச் சிரிப்பு.

வானொலிக்கு முகம் இல்லை, உடை இல்லை, நிறமும் இல்லை. இனத்தைக் குரல் ஒன்றினாலேயே காட்ட வேண்டும். ஆகவே நான்கு பேரும் மொழியின் மிக நுண்ணிய இடங்களில் கைவைத்தார்கள். உபாலி வகைத் தமிழை எடுத்துக்கொள்வோம். பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. ‘யனவா’ என்ற ஒரே சொல் நான் போகிறேன், நீ போகிறாய், அவர்கள் போகிறார்கள் எல்லாவற்றுக்கும் போதும். அந்தப் பழக்கத்தோடு தமிழுக்கு வருகிறவர் “நான் போறது, நீங்க போறது, அவர் போறது” என்று ஒரே ஈற்றை எல்லோருக்கும் ஒட்டிவிடுவார். அறியாமையால் வரும் பிழை அன்று இது, ஒரு மொழியின் இலக்கணம் இன்னொரு மொழிக்குள் எட்டிப் பார்ப்பது. கொழும்புக் கடைத்தெருவில் நாள்தோறும் இதைக் கேட்ட நேயருக்கு முதல் வாக்கியத்திலேயே ஆள் பிடிபட்டுவிடும். அப்புக்குட்டிக்கு “என்ன சொல்லுறியள்” போதும். மரிக்காருக்கு ‘வாப்பா’வும் ‘நானா’வும். ஐயருக்கு ‘நேக்கு’, ‘நோக்கு’. வேடிக்கை என்னவென்றால், ‘வாங்கோ’ என்ற சொல் யாழ்ப்பாணத்தாருக்கும் பிராமணருக்கும் பொது. அதை மட்டும் வைத்துக்கொண்டு அப்புக்குட்டியையும் ஐயரையும் பிரிக்க முடியாது, இழுவையைத்தான் கேட்க வேண்டும்.

தொடர் பெற்ற வரவேற்பைப் பார்த்து 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமானது. எஸ். ராமநாதன் இயக்கினார். இலங்கைத் தமிழ்ப் படங்களில் மக்கள் திரண்டு பார்த்தவற்றுள் அதுவும் ஒன்று. நடிகர்களின் பெயரோடு பாத்திரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது: மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன். ஒரு தமிழ் நடிகர் வாழ்நாள் முழுவதும் சிங்களப் பெயரை முன்னொட்டாகச் சுமந்ததும், அதை யாரும் விநோதமாகப் பார்க்காததும் இன்றைக்குக் கொஞ்சம் நம்பக் கடினமான செய்திகள்.

இங்கே ஏன் பெரிதாக மனத்தாங்கல் எழவில்லை? நால்வரும் சமமாகக் கிண்டலடிக்கப்பட்டார்கள் என்பது ஒரு காரணம். நால்வரும் ஒரே அறையில் இருந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஐயரைப் பகிடி பண்ணினால் மரிக்கார் அடுத்த வரியில் மாட்டிக்கொள்வார். அடி வாங்கினவனுக்குத் திருப்பி அடிக்க வாய் இருந்தது.

அப்படியென்றால் அந்த அறையில் யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும். மரிக்கார் என்பது மேற்குக் கரையோரச் சோனகரிடையே வழங்கும் பெயர். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிமின் பேச்சு வேறு. தேயிலைத் தோட்டத்துத் தமிழர் முதன்மையான நால்வரில் இல்லை. மட்டக்களப்புத் தமிழரும் இல்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. கிழக்கே கடலோரம் எழுவான்கரை. உன்னிச்சைக் குளம் படுவான்கரையில் இருக்கிறது. அந்தக் குளத்து நீர் பாயும் வயலில் நிற்கும் ஒருவர் விருந்தாளியை “வாங்கோ, இருங்கோ, என்ன செய்யிறியள்” என்று கேட்கமாட்டார். “வாங்க, இரிங்க, மறுகா என்ன விசயம்” என்பார். ‘மறுகா’ என்றால் பிறகு, அப்புறம். திரும்பிப் பார்ப்பது ‘கிறுகிப் பாக்கிறது’. முடியாது என்பதற்கு ‘ஒண்ணா’. மகனை ‘மனே’ என்று கூப்பிடுவார்கள். பேச்சுத் தமிழ் வழக்குகளில் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்பு வழக்கே என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருக்கிறார். அந்த வழக்குக்கு ஒரு கோமாளிகூடக் கிடைக்கவில்லை. கிண்டலடிக்கப்படாமல் தப்பினார்கள் என்று இதை வைத்துக்கொள்ளலாம். கணக்கிலேயே எடுக்கப்படவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதே உண்மைக்குக் கிட்ட.

இத்தனைக்கும் வேஷம் கட்டுவது மட்டக்களப்பாருக்குப் புதிதன்று. படுவான்கரைக் கிராமங்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் இன்றும் ஆடப்படுகின்றன. நடிகர் தேர்வுக்கு அங்கே பெயரே இருக்கிறது: சட்டம் கொடுத்தல். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இன்னாருக்கு இன்ன வேடம் என்று முடிவு செய்து, அவரவர் பாட்டை ஏட்டில் எழுதிக் கையில் கொடுப்பார். ஆளைப் பாடச் சொல்லிக் கேட்பார், உயரத்தைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார். பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், கடைசியில் அரங்கேற்றம். வட்டக்களரி என்னும் ஆடுகளத்துக்குள் வந்ததும் ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவுப் பாட்டோடு ஆடி, தான் யாரென்று அறிவிக்கும். துணுக்கு நாடகம் பத்து விநாடியில் தொப்பியாலும் இழுவையாலும் செய்வதைக் கூத்து வரவுப் பாட்டால் செய்கிறது. பகலில் வயல் உழுதவர் இரவில் கர்ணன். மீசை மழித்தவர் திரௌபதை. யாரும் அதை ஆள்மாறாட்டம் என்று சொல்வதில்லை, அது கூத்தின் வழக்கம். மந்திரவாதிகளின் போட்டியைக் காட்டும் மகிடிக்கூத்தில் வெளியிலிருந்து வரும் மந்திரக்காரரை உள்ளூரார் வேஷம் கட்டிப் பகிடி பண்ணுவதும் உண்டு.

கூத்தின் பாத்திரப் பங்கீடு முழுக்க நியாயமானது என்று சொல்லிவிடவும் கூடாது. அரச வேடத்துக்கு ஊரில் போட்டி இருக்கும், குடும்பச் செல்வாக்கு பேசும், சாதியும் பேசும். பேராசிரியர் மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்தபோது இந்தச் சமூக அடுக்கையும் சேர்த்தே பார்த்தார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், பெண்களையும் ஒதுக்கப்பட்ட பாத்திரங்களையும் பற்றிய கேள்விகளை ஊர் மக்களிடமே கொண்டுபோனது. யாருக்கு எந்த வேடம் என்ற விவாதம் இந்த மண்ணில் சினிமாவைக் கேட்டு வந்ததன்று.

இலங்கைச் சினிமாவின் தொடக்கமே இனக் கலப்புத்தான். முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொரொந்துவ’ 1947 ஜனவரியில் வெளிவந்தது. தயாரித்தவர் மதுரைத் தமிழரான எஸ். எம். நாயகம். படம் பிடிக்கப்பட்டது தமிழ்நாட்டு ஸ்டூடியோவில். கதாநாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ், கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர். சிங்கள மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய முதல் நட்சத்திரத்தின் பெயரில் ராசம்மா இருந்தது.

1970களின் பிற்பாதியில் இரண்டு படங்கள் இந்தக் கலப்பை வேறு தளத்துக்குக் கொண்டுபோயின. சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் போய்த் தமிழ் நடிகர்களை வைத்துத் தமிழிலேயே ‘பொன்மணி’ எடுத்தார். 1979இல் சுனில் ஆரியரத்னவின் சிங்களப் படமான ‘சருங்கலே’யில் தமிழ் எழுதுவினைஞர் நடராஜாவாக நடித்தவர் சிங்களத் திரையின் பெரிய நட்சத்திரம் காமினி பொன்சேகா. இனப் பிளவையும் யாழ்ப்பாணத்துச் சாதிப் பிளவையும் ஒரே கதையில் தொட்ட படம் அது. ஒரு தமிழ் நடிகருக்கு அந்த வேடம் போயிருக்கக் கூடாதா என்ற கேள்வி இன்று எழும். ஆனால் அந்த ஆண்டில், காமினியின் முகம் இல்லாவிட்டால் நடராஜாவின் கதையைப் பார்க்கச் சிங்களக் கூட்டம் அரங்குக்கு வந்திருக்குமா என்பதும் கேட்க வேண்டியதே. அவர் தமிழ் வசனத்தை மெனக்கெட்டுப் பேசினார். நகைச்சுவைக்காகக் கொச்சையாக்கவில்லை. பாத்திரத்துக்கு மரியாதை இருந்தது. காமினி பின்னாளில் அரசியலுக்குப் போய் 1995 முதல் 1998 வரை வடக்குக் கிழக்கு மாகாண ஆளுநராக இருந்தார். நடராஜாவாக நடித்தவருக்கே நடராஜாக்களின் மாகாணம் கிடைத்தது.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக வெடித்த கலவரத்தோடு கதை மாறியது. தமிழரான கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தலை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. படச் சுருள்களும் போயின. இலங்கைத் தமிழ்ப் படத் தயாரிப்பு ஏறக்குறைய நின்றது. அப்புக்குட்டியும் உபாலியும் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் கூத்தடித்த காலம் அதோடு முடிந்தது. அதன் பிறகு ஈழத்தமிழரைத் திரையில் காட்டும் வேலை பெரும்பாலும் மற்றவர் கைக்குப் போயிற்று.

முதலில் தமிழ்நாடு. 2000இல் வந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் பயந்தாங்கொள்ளியாக நடித்தார். கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய முழுநீள நகைச்சுவைப் படம். ஐயராக முன்பு வேஷம் கட்டிய அப்துல் ஹமீட் அதில் தானாகவே தோன்றினார். தெனாலிக்கு எதைக் கண்டாலும் பயம். அந்தப் பயத்துக்குப் பின்னால் போர் இருக்கிறது. ஒரு காட்சியில் சிரிப்பு நின்று அது வெளிவருகிறது. கமலின் உச்சரிப்பைப் பாராட்டிய யாழ்ப்பாணத்தாரும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. எப்படியோ, ஈழத்தமிழ் என்றாலே இந்த ஓசைதான் என்று தமிழ்நாட்டுக் காதுகளில் அது பதிந்துவிட்டது. 2002இல் மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டா’லில் ஈழத்துத் தாயாக ஒடிய வம்சாவளி நந்திதா தாஸ், சிங்கள மருத்துவராகக் கர்நாடகத்தவரான பிரகாஷ் ராஜ். 2021இல் கார்த்திக் சுப்பராஜின் ‘ஜகமே தந்திர’த்தில் லண்டன் ஈழத்தமிழர் தலைவராக ஜோஜு ஜார்ஜ், ஈழப் பெண்ணாக ஐஸ்வர்யா லட்சுமி. இருவரும் மலையாளிகள். ஈழத்தமிழைக் கேட்டால் மலையாளம் மாதிரி இருக்கிறது என்று தமிழ்நாட்டில் அடிக்கடி சொல்வார்கள். பாத்திரத் தேர்வு செய்தவர்கள் அதைச் சற்று நேராகவே எடுத்துக்கொண்டார்களோ என்னவோ.

2025 மே மாதம் வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுப் படகேறிச் சென்னைக்கு வந்து, தம் பேச்சை மறைத்துக்கொண்டு வாழப் பார்க்கும் குடும்பத்தின் கதை. சசிகுமாரும், பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த சிம்ரனும் பெற்றோர். பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் கதையின் முதுகெலும்பு, நகைச்சுவையும் அதிலிருந்தே கிளம்புகிறது. ஈழத்தமிழ் அங்கே கேலிப்பொருளாக இல்லை, அதைக் கேட்டுச் சந்தேகப்படுகிறவரே கேலிப்பொருள். ஆனால் அந்தக் குடும்பத்துக்கும் வாய்த்தது யாழ்ப்பாணத்தை ஒட்டிய பேச்சுத்தான்.

நிறம் இன்னொரு சங்கதி. ‘தி ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பருவம் 2021 ஜூனில் வந்தது. ஈழப் போராளிப் பெண் ராஜியாக சமந்தா. அவர் சென்னையில் வளர்ந்தவர், தமிழ் தெரிந்தவர். ஆனால் முகத்துக்குக் கருமை பூசியிருந்தார்கள். போராளியைச் சித்திரித்த விதத்துக்காகத் தொடரைத் தடை செய்யக் கோரி, அது வெளிவரும் முன்பே தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். கருமை பூசியதை விமர்சித்தவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: கறுத்த தோலுடைய தமிழ் நடிகை ஒருவர்கூடவா கிடைக்கவில்லை?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு தன்னையே கேட்டுக்கொள்வது அரிது. 2007இல் ஷங்கர் இயக்கிய ‘சிவாஜி’யில் சாலமன் பாப்பையாவின் மகள்களாக இரண்டு பெண்களுக்குக் கரி பூசி நிறுத்தினார்கள். பெயர் அங்கவை, சங்கவை. வள்ளல் பாரியின் மகளிர் பெயரைக் கறுப்பு நிறக் கிண்டலுக்கு வைத்தது தமிழார்வலர்களைப் புண்படுத்தியது. பெயரைவிட அந்தக் கரிதான் பெரிய அவமானம். கறுத்த மக்கள் நிறைந்த நாட்டில், கறுப்பை நகைச்சுவையாக்க வெளுத்தவருக்குக் கறுப்புப் பூச வேண்டியிருந்தது. கிராமத்துப் பெண்ணாக மும்பையிலிருந்து வெளுத்த நடிகையைக் கொண்டுவந்து இரவல் குரல் கொடுக்கும் வழக்கமும் இதோடு சேர்ந்ததே.

இந்த வழக்கத்துக்கு எதிர்த்திசையில் நடந்தவர் ஒரு மட்டக்களப்பார். பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்பு நகரை ஒட்டிய அமிர்தகழியில் பிறந்தவர். கறுத்த நிறமுள்ள அர்ச்சனாவை ஒப்பனைப் பூச்சில்லாமல் ‘வீடு’ படத்தின் நாயகியாக்கினார். அந்த நடிப்புக்கு அர்ச்சனா தேசிய விருது வாங்கினார். தோல் எப்படி இருக்கிறதோ அப்படியே வெளிச்சத்தில் வைக்கத் தெரிந்த ஒளிப்பதிவாளர் பாலு. அவர்கூட ஈழத்தைக் களமாக வைத்துப் படம் எடுக்கவில்லை.

உலகத்தின் மற்றப் பக்கத்தில் கரி பூசுவதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. வெள்ளையர் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களைப் பரிகசித்து ஆடும் மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சிகள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெருவழக்கு. அதன் சாயலில் பிபிசி தொலைக்காட்சி 1958 முதல் 1978 வரை ஒரு நிகழ்ச்சியை நடத்தியது. தெற்காசியருக்கும் அதே கதி. 1968இல் ‘தி பார்ட்டி’யில் ஆங்கில நடிகர் பீட்டர் செல்லர்ஸ் தோலுக்கு வர்ணம் பூசி இந்தியரானார். 1986இல் ‘ஷார்ட் சர்க்யூட்’டில் ஃபிஷர் ஸ்டீவன்ஸ் அதையே செய்தார். ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் கடைக்கார அபுவுக்கு முப்பது ஆண்டு காலம் குரல் கொடுத்த ஹாங்க் அசாரியா 2020இல் விலகினார். மூன்றாண்டுகளுக்கு முன் நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு எடுத்த ஆவணப்படமே அந்த விவாதத்தைப் பெரிதாக்கியது.

இலங்கையின் மலைநாட்டில் நடந்த ஒரு விசித்திரத்தையும் இங்கே சேர்க்கலாம். ஸ்பீல்பெர்க்கின் ‘இந்தியானா ஜோன்ஸ்’ வரிசையில் 1984இல் வந்த படத்தின் கதை இந்தியாவில் நடப்பது. இந்தியாவில் படம்பிடிப்பு சரிவராததால் கண்டிப் பக்கம் வந்தார்கள். இந்தியக் கிராமத்து மக்கள் திரையில் சிங்களம் பேசுகிறார்கள். ஊர்ப் பூசாரியாக நடித்தவர் சிங்கள நடிகர் டி. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் வராது. கமராவுக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீல்பெர்க் சொல்லச் சொல்ல அதைத் திருப்பிச் சொல்லியே ஆங்கில வசனத்தைப் பேசி முடித்தார். ஹாலிவுட்டின் காதுக்கு இந்தியாவும் இலங்கையும் ஒன்று, சிங்களமும் இந்தியும் ஒன்று.

இதற்குப் பதிலடி துணுக்கு நாடகத்திலிருந்தே வந்தது. பிரிட்டனில் மீரா சயால், சஞ்சீவ் பாஸ்கர், நினா வாடியா, குல்விந்தர் கிர் ஆகிய நால்வரும் ‘குட்னஸ் கிரேஷஸ் மீ’ என்ற நிகழ்ச்சியை 1996இல் வானொலியிலும் 1998இல் பிபிசி தொலைக்காட்சியிலும் கொண்டுவந்தார்கள். இவர்களும் நால்வர், இதுவும் வானொலியில் பிறந்து வளர்ந்தது. அதன் புகழ்பெற்ற காட்சியில் பம்பாய் இளைஞர் கூட்டம் ஒன்று குடித்துவிட்டு ஆங்கில உணவகத்துக்குப் போய், பரிசாரகரின் பெயரைத் தப்பாகச் சொல்லி, இருப்பதிலேயே சப்பென்ற சாப்பாட்டைக் கொண்டுவா என்று வீறாப்புக் காட்டும். வெள்ளைக்கார வாலிபர் கறிக்கடையில் செய்யும் அட்டகாசத்தை அப்படியே புரட்டிப் போட்டதுதான் பகிடி. அமெரிக்காவில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ துணுக்கு நாடக நிகழ்ச்சியின் குழுவில் கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை என்ற கண்டனம் 2013இல் எழுந்ததும், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சஷீர் ஸமாட்டாவைச் சேர்த்தார்கள். வேஷம் யாரும் கட்டலாம் என்ற துணுக்கு நாடகச் சுதந்திரம், அறைக்குள் எல்லோரும் இருக்கும்போதுதான் செல்லும்.

ஈழத்தமிழருக்கு இந்த விவாதம் நேரே வந்து சேர்ந்தது 2020இல், ‘ஃபன்னி பாய்’ படத்தோடு. ஷியாம் செல்வதுரையின் 1994ஆம் ஆண்டு நாவலைத் தீபா மேத்தா படமாக்கினார். கொழும்புத் தமிழ்க் குடும்பம், 1983க்கு முந்திய ஆண்டுகள், தன்பாலீர்ப்புள்ள மகன். மகனாக நடித்தவர் பிராண்டன் இங்ரம். தகப்பனாகப் பாகிஸ்தானிய வம்சாவளி அலி காஸ்மி, ராதா அன்ரியாகப் பஞ்சாபி வம்சாவளி ஆகம் தர்ஷி. முன்னோட்டம் வந்ததும் கனடாத் தமிழர் கொதித்தார்கள். மொழிக்காகவும் அடையாளத்துக்காகவும் மக்கள் செத்த கதையில், வசனம் தமிழ்க் காதுக்குத் தமிழாகவே விழவில்லை. படத்தைப் புறக்கணிக்கும்படி குரல் எழுந்தது. தமிழ் வசனங்களுக்கு மறுபடி குரல் பதிவு நடந்து, டிசம்பரில் படம் வெளிவந்தது. ஆஸ்கரின் சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்குக் கனடா அதை அனுப்பியபோது, ஆங்கிலம் அளவுக்கு மீறி இருக்கிறது என்று ஏற்கப்படவில்லை. தமிழும் சரியாக வாய்க்கவில்லை, இருந்தது போதுமானதாகவும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற பிரெஞ்சுப் படம் ‘தீபன்’. நாயகன் ஷோபாசக்தி என்ற அன்ரனிதாசன் யேசுதாசன், தானே இளவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்துவிட்டு அகதியாகப் பிரான்சுக்குப் போனவர். நாயகி காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடகக்காரர். ஒருவர் அந்த வாழ்க்கையிலிருந்து வந்தவர், மற்றவர் பயிற்சியால் அங்கே போனவர். இருவரும் ஒரே சட்டகத்தில் பொருந்தினார்கள். இன்னும் தலைகீழாக, கனடாவில் பிறந்த ஈழ வம்சாவளி மைத்ரேயி ராமகிருஷ்ணன் 2020இல் தொடங்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் இந்தியத் தமிழ்ப் பெண் தேவியாக நடித்தார். 15,000 பேர் விண்ணப்பித்த தேர்வில் பிடிபட்டவர் அவர். நம்மவர் அயலவரின் வேடத்தில் வரும்போது நாம் கொண்டாடுகிறோம், அயலவர் நம் வேடத்தில் வரும்போது கொதிக்கிறோம் என்று இதைக் குத்திக்காட்டுவோர் உண்டு. முழுக்கப் பிழையில்லை. ஆனால் வாய்ப்பு யார் பக்கம் குவிந்திருக்கிறது என்ற கணக்கை அந்தக் குத்தல் விட்டுவிடுகிறது.

சிங்களத் திரையில் தர்ஷன் தர்மராஜின் வாழ்க்கை அந்தக் கணக்கைக் காட்டும். றக்குவானைப் பக்கத்துத் தமிழர். நல்ல நடிகர். சிங்களப் படங்களிலும் தொடர்களிலும் அவருக்குத் திரும்பத் திரும்ப வந்தது புலி உறுப்பினர் வேடம். அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012) தமிழிலேயே எடுக்கப்பட்டது. போர் முடிந்து ஊர் திரும்பும் முன்னாள் போராளியாக அதில் அவருக்கு முழு மனிதனின் பாத்திரம் கிடைத்தது. 2022 ஒக்டோபரில், 41ஆவது வயதில் மாரடைப்பால் இறந்தார். தமிழன் என்பதால் கதவு திறந்தது, தமிழன் என்பதாலேயே ஒரே அறைக்குள் நிற்க வேண்டியும் வந்தது.

தமிழருக்குத்தான் தமிழர் வேடம் என்று சட்டம் போட்டுவிட்டால் இது தீராது. அப்படிப் பார்த்தால் மரிக்காரும் ஐயரும் பிறந்தே இருக்கமாட்டார்கள், காமினியின் நடராஜாவும் இல்லை. பாத்திரத்துக்கும் அது காட்டும் சமூகத்துக்கும் இடையே இடைவெளி எங்கே விழுகிறது என்று பார்ப்பதே பயன்தரும். எழுதுகிற இடத்திலோ, பேச்சைத் திருத்துகிற இடத்திலோ, படத்தொகுப்பு மேசையிலோ அந்தச் சமூகத்தவர் ஒருவர் இருந்தால் கேட்கும் காது ஒன்று இருக்கிறது என்று பொருள். முகத்தில் கரி பூசும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது என்றும் பொருள்.

இன்று கைத்தொலைபேசியும் யூடியூப்பும் இருப்பதால் துணுக்கு நாடகம் மறுபடி ஊருக்குள் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கோபியும் சுதாகரும் ‘பரிதாபங்க’ளில் இரண்டே பேராக நின்று தாய், மாமியார், மேலாளர் என்று ஊரையே வேஷம் கட்டுகிறார்கள். ராமதாஸ் குழுவுக்குத் தேவைப்பட்ட வானொலி நிலையமோ ஒலிபரப்பு அனுமதியோ இன்று தேவையில்லை.

ஆகவே ஈழத்தமிழ்ப் பாத்திரம் எழுதுகிறவர்களுக்கும் அதற்கு ஆள் தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். அடுத்த முறை ‘இலங்கைத் தமிழ்’ சொல்லிக்கொடுக்க ஆள் தேடும்போது, எந்த ஊர் இலங்கைத் தமிழ் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வாவியைக் கடந்து படுவான்கரைக்கு வாருங்கள். கூத்துப் பழகத் தொடங்கும் ஊர் ஏதாவது ஒன்றில், சட்டம் கொடுக்கும் நாளில் வந்து, ஒரு மூலையில் இருந்து அண்ணாவியார் ஆள் தெரிவு செய்வதைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் குரலைக் கேட்ட பிறகுதான் அவர் வேடத்தைக் கையில் கொடுப்பார்.